ரிப்போர்ட்டில் ‘கார்ன்எம்டி1’ என்று வந்தால் அன்செரின் மாத்திரை வேண்டுமா?

கேள்வி: வயது 28, சைவம், ஜிம்முக்குப் போகிறேன். எச்சில் கொடுத்து எடுத்த மரபணு ரிப்போர்ட்டில், கார்ன்எம்டி1 மரபணுவில் மாறுபாடு இருக்கிறது, ‘தசைத் தாங்குதிறன் குறைவு’ என்று போட்டிருக்கிறார்கள். அன்செரின் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார் பயிற்சியாளர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த மரபணுவின் வேலையைப் பார்த்துவிடுவோம்.

பீட்டா-அலனின், ஹிஸ்டிடின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் இணைந்து நம் தசையில் கார்னோசின் என்ற பொருள் உருவாகிறது. மூச்சு முட்ட ஓடும்போது தசையில் ஏறும் அமிலத்தன்மையை ஓரளவு தாங்கிப் பிடிப்பது இதுதான். கார்ன்எம்டி1 தரும் நொதி, அந்தக் கார்னோசினின் ஹிஸ்டிடின் பகுதியில் மெத்தில் தொகுதி என்ற சின்ன வேதித் துணுக்கை ஒட்டுகிறது. ஒட்டியதும் அது அன்செரின் ஆகிவிடும். 9-ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவின் வேலை இதுதான் என்பதே 2015-இல்தான் தெரியவந்தது. எலித் தசையிலிருந்து நொதியைப் பிரித்தெடுத்துக் கண்டுபிடித்தார்கள். அதுவரை அதற்குச் சி9ஓஆர்எஃப்41 என்ற அடையாளக் குறி மட்டும்தான்.

கோழியின் தசையிலும் சூரை மீனின் தசையிலும் அன்செரின் ஏராளம். மனிதத் தசையில் இருப்பதோ பெரும்பாலும் கார்னோசின். அன்செரின் மிகச் சொற்பம். அப்படியிருக்க, இந்த நொதி கொஞ்சம் மந்தமாகவே இருந்தாலும் பளு தூக்குவதில் என்ன குறைந்துவிடும்? இந்த மரபணுவின் ஒரு மாறுபாட்டை வைத்து ஒருவருடைய தாங்குதிறனைக் கணிக்க நம்பகமான ஆதாரம் இல்லை. அப்படி ஒரு வரியை அச்சடித்துக் கொடுத்து, நன்றாக இருக்கும் பிள்ளைகளைப் பயமுறுத்துவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

இன்னொன்று, நீங்கள் சைவம். கடையில் கிடைக்கும் அன்செரின் பெரும்பாலும் மீன், கோழிச் சாற்றிலிருந்து எடுப்பது. பயிற்சியாளர் அதைச் சொன்னாரா?

சைவம் சாப்பிடுபவர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது பீட்டா-அலனினை. தசையில் எவ்வளவு கார்னோசின் சேரும் என்பது பெரும்பாலும் அதன் வரத்தைப் பொறுத்தது. கல்லீரல் கொஞ்சம் தயாரிக்கும். மற்றது இறைச்சி, மீன் வழியாக வர வேண்டும். அதனால் சைவர்களின் தசையில் கார்னோசின் பொதுவாகக் குறைவு. இதற்கும் உங்கள் ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தமில்லை.

ஒன்று முதல் நான்கு நிமிடம் வரை முழு வேகத்தில் செய்யும் பயிற்சிதான் உங்களுடையது என்றால் பீட்டா-அலனின் ஓரளவு உதவும். அதுவும் சின்ன முன்னேற்றம்தான். நாளுக்கு 4 முதல் 6 கிராம், குறைந்தது நான்கு வாரம் எடுக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே வேளையில் விழுங்கினால் முகம், கழுத்து, கையெல்லாம் சுருசுருவென்று இருக்கும். ஆபத்தில்லை, ஆனால் பயந்துவிடுவீர்கள். 1 கிராம் அளவில் பிரித்துச் சாப்பாட்டோடு எடுத்தால் அது குறையும். நிதானமான நீண்ட ஓட்டத்துக்கு இதில் பெரிய லாபம் இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ வேறு மருந்து சாப்பிட்டாலோ, டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.