மேல்மலைக் குளிரில் வெள்ளைச் சுண்டெலி: குட்டியைத் தாயே தின்பது ஏன்?

கேள்வி: பூம்பாறையில் பூண்டும் கேரட்டும் போடுகிறோம். கோவையில் படிப்பு முடித்து வந்த மகன், கூடவே ஒரு பால் பைத்தான் (ball python) பாம்பையும் கொண்டுவந்துவிட்டான். அதற்கு ஒரு வயது இருக்கும். இரைக்காக ஒவ்வொரு முறையும் கீழே ஆள் அனுப்ப முடியாமல், வெள்ளைச் சுண்டெலியில் ஓர் ஆணும் மூன்று பெண்ணும் வாங்கித் திண்ணையில் கூண்டு வைத்தோம். மார்கழியில் ஓர் ஈற்று, தையில் ஓர் ஈற்று. ஒரு குட்டிகூடத் தங்கவில்லை. பாதியைத் தாயே தின்றுவிட்டது. தீவனக் கோளாறா? காட்டில் பிடிபடும் எலியையே பாம்புக்குக் கொடுக்கலாமா? கூடுதலாகப் பெருகினால் விற்கலாமா?

பதில்: தீவனத்தைச் சந்தேகிக்கும் முன் கூண்டு இருக்கும் இடத்தைப் பாருங்கள். மார்கழி, தை இரவுகளில் உங்கள் பக்கம் புல்லின் மேல் உறைபனி படிகிறது. பிறந்த சுண்டெலிக் குட்டியின் எடை ஒன்றரை கிராம் இருந்தால் அதிகம். உடம்பில் மயிர் இல்லை, தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் தெரியாது. தாய் தீனிக்கு எழுந்துபோய்த் திரும்புவதற்குள் சில்லிட்டுப் போகும். செத்த குட்டியையும், சாகப்போகிறது என்று தோன்றும் குட்டியையும் தாய் தின்றுவிடும். கூட்டைச் சுத்தமாக வைக்க அதற்குத் தெரிந்த வழி அதுதான். ஆகவே நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் குளிரில் செத்த பிறகு தின்னப்பட்ட குட்டிகளாகத்தான் இருக்கும். எனக்கும் இந்த அனுபவம் உண்டு. முயல் வளர்த்த முதல் குளிர்காலத்தில் ஒரே இரவில் ஓர் ஈற்று முழுவதையும் பறிகொடுத்துவிட்டு, காலையில் தீவனம் விற்றவரோடு சண்டைக்குப் போனேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

சுண்டெலிக்கு 20 முதல் 26 டிகிரி வரை சூடு வேண்டும். கூண்டை அடுக்களையை ஒட்டிய உள்ளறைக்கு மாற்றுங்கள். மூன்று பக்கமும் வெளியிலிருந்து தெர்மோகோல் அட்டை வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் காற்றுக்கு விடுங்கள். கூண்டுக்கு வெளியே ஒரு 40 வாட் குண்டு பல்பு போதும், ஆனால் அது தெர்மோகோலைத் தொடக் கூடாது. கரண்ட் போகும் இரவுக்கு வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூட்டின் பக்கத்தில் வையுங்கள். கரி அடுப்பை மட்டும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். மலையில் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்தவர்கள் விடியும்போது எழுந்திருக்காமல் போனது உங்களுக்குத் தெரியாததல்ல.

பல்பைவிட முக்கியம் படுக்கை. நான்கு விரற்கடை ஆழத்துக்கு இருந்தால்தான் எலி உள்ளே குடைந்து கூடு கட்டும். கொடைக்கானலில் மரத்தூள் என்று கேட்டால் யூகலிப்டஸோ பைனோதான் வந்து சேரும். இரண்டுமே வாசனை எண்ணெய் உள்ளவை, மூடிய கூண்டில் மூச்சுக் கோளாறு தரும். பூண்டுச் சருகும் வேண்டாம், தூசி அதிகம். அச்சு மை இல்லாத காகிதத்தைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துப் போடுங்கள், கூடவே காய்ந்த புல்லும் போடலாம். பஞ்சு வைக்காதீர்கள், அதன் இழை குட்டியின் காலில் சுற்றி இறுக்கும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் படுக்கை நனைந்து எல்லாம் பாழ். நிப்பிள் பாட்டில்தான் சரி.

ஈன்ற முதல் வாரம் கூட்டைக் கிளறக் கூடாது. வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

தீவனத்தில் புரதம் குறைந்தாலும், தண்ணீர் தீர்ந்துபோனாலும் தாய் குட்டியைத் தின்பது உண்டு. கோதுமை, கேழ்வரகு, உடைத்த மக்காச்சோளத்தோடு பொட்டுக்கடலை, முளைகட்டிய பயறு, துளி மீன்தூள் சேருங்கள். வளர்ந்த எலி ஒன்று நாளைக்கு 4, 5 கிராம்தான் தின்னும். உங்கள் தோட்டத்துக் கேரட் ஒரு துண்டு கொடுக்கலாம், அதையே தீனியாக்கினால் கழியும்.

அடுத்தது கணக்கு. சினைக்காலம் 19 முதல் 21 நாள். ஈன்ற 24 மணி நேரத்துக்குள் மறுபடி சினை பிடித்துவிடும். ஈற்றுக்கு 7 குட்டி என்று வைத்தாலும், மூன்று பெண் எலிகள் மாதம் 20 குட்டி போடும். ஒரு வயதுப் பாம்பு வாரம் ஒன்று தின்றால் மாதத்துக்கு நாலைந்துதான். இரண்டு பேர் சாப்பாட்டுக்கு அண்டா ஏற்றிய கதை இது. ஒரு பெண் எலியே போதும், இன்னொன்று துணைக்கு இருக்கட்டும். சினை தெரிந்ததும் ஆணைத் தனியே பிரித்துவிடுங்கள், தாயும் தேறும். குட்டிகள் மூன்று வாரத்தில் பால் மறக்கும். நான்காவது வாரம் முடிவதற்குள் ஆண், பெண் பிரித்துவிட வேண்டும். ஆறு வாரத்தில் அவையே குட்டி போடத் தயாராகிவிடும்.

காட்டு எலி வேண்டவே வேண்டாம். நீங்கள் வைக்காவிட்டாலும் பக்கத்துத் தோட்டத்தில் ஜிங்க் பாஸ்பைடோ புரோமடியோலோனோ வைத்திருப்பார்கள். விஷம் தின்று தள்ளாடும் எலிதான் முதலில் கையில் சிக்கும், அதைத் தின்ற பாம்புக்கும் ஆபத்து. ஒட்டுண்ணி வேறு.

வளர்த்த எலியையும் உயிரோடு பாம்பிடம் விடாதீர்கள். பாம்புக்குப் பசி இல்லையென்றால் எலி அதன் முதுகைக் கடித்துக் குதறிவிடும். வலியில்லாமல் கொல்லும் முறையைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது கொடுமை. கொன்றதைப் பையில் கட்டி உறையவைத்து, கொடுக்கும் நாளில் பையோடு வெந்நீரில் போட்டு, உள்ளே வரை வெதுவெதுப்பானதும் இடுக்கியால் நீட்டலாம். பாம்பின் உடம்பு தடித்த இடத்தளவு பருமன்தான் இரைக்கும் இருக்க வேண்டும். விருந்தாளிகளைக் கூட்டி வேடிக்கை காட்ட நினைத்தால் அதையும் விட்டுவிடுங்கள். கேளிக்கைக்காக ஒரு பிராணியை இன்னொன்றுக்கு இரையாக அடைத்து வைப்பது 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பாம்புக்குக் காகிதம் இருக்கிறதா என்று மகனிடம் கேட்டீர்களா? பால் பைத்தான் வெளிநாட்டு இனம். 2024இல் வந்த விதிகளின்படி, இதை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளம் வழியாக வனத்துறையில் பதிய வேண்டும். நம் நாட்டு மலைப்பாம்பு, சாரை போன்றவற்றை வீட்டில் வைக்கவே 1972 வன உயிரினச் சட்டம் விடாது.

விற்பனையை நம்பி இறங்காதீர்கள். வாங்குகிறவர்கள் கோவையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். உறைந்த எலி உருகாமல் மலையிறக்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவில் பூண்டுக்கு ஒரு களை எடுத்துவிடலாம்.

இப்போது மிஞ்சியிருக்கும் எலிகளை உள்ளறையில் தேற்றுங்கள். ஆணைப் பங்குனி பிறந்த பிறகு சேர்த்தால் போதும். அதுவரை பாம்பின் பெட்டியில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு பக்கம் 31 டிகிரியாவது வேண்டும். அந்தச் சூடு இல்லாத பெட்டியில் எந்த இரை கொடுத்தாலும், செரிக்காமல் இரண்டு மூன்று நாளில் கக்கிவிடும்.