எண்ணெய்க் கிணறு நிலத்தைக் கெடுத்தால் யார் பொறுப்பு? செட்டிநாட்டார் கேள்விகளும் பதில்களும்

தேவகோட்டையிலிருந்து: ராமநாதபுரத்தில் எண்ணெய்க் கிணறு என்றதும் பயமாக இருக்கிறது ஐயா. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நம்மையும் காக்குமா?

காக்காது. புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி ஒன்றியம் அதற்குள் வருகிறது; பக்கத்திலேயே இருக்கும் நம் சிவகங்கை மாவட்டம் வரவில்லை. உள்ளே இருக்கும் ஊர்களிலும் புதுக் கிணறுகளுக்குத்தான் தடை, பழையவை ஓடலாம். நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

காரைக்குடியிலிருந்து: கசிவு வந்தால் கம்பெனியின் தவறு என்று நாம்தான் நிரூபிக்க வேண்டுமா அண்ணே?

விபத்து என்றால் வேண்டாம் தம்பி. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டம், 17-ஆவது பிரிவு, யார் தவறு என்று பார்க்காமலே இழப்பீடு தரச் சொல்கிறது. கெட்டுப்போன நிலத்தைச் சீராக்கும் செலவும் கெடுத்தவர் தலையில்தான் என்று 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆனால் என்ன கெட்டது என்று நாம் காட்டியாக வேண்டும். எண்ணெயோடு ஆழத்திலிருந்து கடும் உப்புநீரும் மேலே வரும். குழாயைச் சுற்றிய சிமென்ட் விரிசல் விட்டாலோ, தேக்கிய குழி கசிந்தாலோ அது நிலத்தடி நீரில் கலக்கும். அப்புறம் நாம் போய்க் கேட்டால், "உங்கள் தண்ணீர் முன்பே உப்புதானே" என்பார்கள். அன்றைக்குக் கையில் பழைய பரிசோதனைச் சீட்டு இல்லையென்றால் வழக்கு அங்கேயே தடுமாறும். ஊருணி, போர்வெல், காரைக்குடியின் சம்பை ஊற்று எதுவானாலும் இப்போதே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, குளோரைடு, மொத்த உப்பு அளவுகளைத் தேதியோடு வாங்கி வையுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கண்டனூரிலிருந்து: அனுமதி கொடுத்த அரசாங்கத்துக்குப் பொறுப்பு இல்லையாப்பா?

நிச்சயம் உண்டு ஆச்சி. தரைப்பகுதியில் குத்தகை கொடுப்பது மாநில அரசு, ஒப்புதல் தருவது ஒன்றிய அரசு. எடுக்கும் எண்ணெய்க்கான பங்குத் தொகையான ராயல்டியும் மாநிலத்துக்கு வருகிறது. 2020 ஜனவரியில் சோதனைக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று ஒன்றிய அரசு விதியை மாற்றியது. அதே ஆண்டு மே மாதம் அசாமின் பாக்ஜானில் ஆயில் இந்தியா கிணறு வெடித்தது. ஜூனில் பிடித்த தீ நவம்பரில்தான் அணைந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூடச் சொல்லிவிட்டு, சில நாளிலேயே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. இப்படிப்பட்ட அதிகாரிகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும் என்பேன்.

புதுவயலிலிருந்து: எத்தனை நாளுக்குள் மனு போடணும்?

இழப்பீட்டுக்கு, பாதிப்பு தொடங்கியதிலிருந்து 5 ஆண்டு. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.