எத்தனை அடி தள்ளி நிற்க இடம் இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்: ஒளிப்படம்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, முகப்படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்குவது என்பதையே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமராவும், அதனுடன் சேர்த்து விற்கப்பட்ட 18-55, 55-250 ஆகிய இரண்டு லென்ஸ்களும் உள்ளன. ஊரில் உள்ள பெரியவர்களை அவரவர் வீட்டிலேயே உட்கார வைத்து, சட்டம் போட்டு மாட்டும்படியான படங்களை எடுத்துக் கொடுத்து வருகிறேன். அண்மையில் நான் எடுத்த படத்தைப் பார்த்த என் பாட்டி, "என் மூக்கு இவ்வளவு பெரிதாகவா இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். திருமணப் படங்கள் எடுக்கும் ஓசூர் நண்பர் ஒருவர், 85 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வேறு சிலர் 50 எம்.எம். போதும் என்கிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் என்னால் வாங்க முடியும். எதை வாங்கலாம்?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸை வாங்குங்கள். (லென்ஸின் துளை எவ்வளவு திறக்கும் என்பதைக் காட்டுவது எஃப் எண்; எண் சிறிதானால் துளை பெரிது.) ஆனால் பாட்டியின் மூக்குக்காக எந்த லென்ஸையும் வாங்கத் தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் குறையைக் கையில் இருக்கும் லென்ஸைக் கொண்டே, செலவில்லாமல் சரிசெய்துவிடலாம்.

முகத்தின் உறுப்புகள் படத்தில் என்ன விகிதத்தில் விழும் என்பதைத் தீர்மானிப்பது, எடுப்பவருக்கும் அமர்ந்திருப்பவருக்கும் இடையே உள்ள தூரம்தான். லென்ஸை 18 எம்.எம். அளவில் வைத்துக்கொண்டு, தலையும் தோளும் படத்தை நிரப்ப வேண்டும் என்று முயன்றால், ஏறத்தாழ ஒன்றரை அடி நெருக்கத்தில் போய் நிற்க நேரும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே நான்கு அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அந்த நெருக்கத்தில் மூக்கு, காதோடு ஒப்பிடும்போது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகப் பெருத்துத் தெரியும். ஐந்தடி தள்ளி நின்றால் அந்த மிகை பதினைந்தில் ஒரு பங்காகவும், எட்டடி தள்ளி நின்றால் இருபத்தைந்தில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். அதற்குமேல் பார்ப்பவர் கண்ணுக்கு அது பெரிதாகப் படாது. ஐயம் இருந்தால் பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்து, எட்டடி தள்ளி நின்றுகொண்டு, நின்ற இடத்தை விட்டு அசையாமல் 18 எம்.எம்.மில் ஒரு படமும் 55 எம்.எம்.மில் ஒரு படமும் எடுங்கள். முதல் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து இரண்டாவது படத்தின் பக்கத்தில் வைத்தால், தெளிவு குறைந்திருக்குமே தவிர, மூக்கும் கன்னமும் காதும் இரண்டிலும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும். நின்ற இடத்திலிருந்து எவ்வளவு பரப்பைப் படத்துக்குள் எடுத்துக்கொள்வது என்பதைத்தான் லென்ஸின் எம்.எம். அளவு வரையறுக்கிறது. எனவே எந்த லென்ஸ் என்று கேட்பதற்கு முன், தள்ளி நிற்க எத்தனை அடி இடம் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஓசூர் நண்பர் சொன்னது, அவர் கையில் இருப்பது ஃபுல் ஃப்ரேம் கேமராவாக இருந்தால், அவருக்குச் சரியே. அந்த வகைக் கேமராவில் சென்சாரின் (படம் பதியும் சில்லின்) நீளம் 36 எம்.எம்.; உங்கள் 1500டி கேமராவில் அது 22.3 எம்.எம். மட்டுமே. சென்சார் சிறியதாக இருப்பதால், 85 எம்.எம். லென்ஸை உங்கள் கேமராவில் பொருத்தும்போது அது ஃபுல் ஃப்ரேமில் 136 எம்.எம். லென்ஸ் காட்டும் குறுகிய பரப்பையே காட்டும், 50 எம்.எம். லென்ஸோ 80 எம்.எம். லென்ஸ் காட்டும் பரப்பைக் காட்டும். ஆகவே அவர் தம் 85 எம்.எம். லென்ஸில் எவ்வளவு பார்க்கிறாரோ, அதை நீங்கள் பார்ப்பதற்கு வேண்டியது 50 எம்.எம். லென்ஸ்தான்.

இனி நீங்கள் படம் எடுக்கும் இடத்துக்கு வருவோம். பத்தடி அறை ஒன்றில், பெரியவரின் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னே நகர்த்திப் போட்டு (சுவரின் மீது நிழல் விழாமல் இருக்க இது தேவை), நீங்கள் எதிர்ச்சுவரில் முதுகு ஒட்ட நின்றால், இருவருக்கும் இடையே ஆறடிதான் எஞ்சும். அந்த ஆறடியிலிருந்து கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்கும்போது, 50 எம்.எம். லென்ஸில் தலையிலிருந்து மார்புக்குக் கீழ்வரை, ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி உயரம் அடங்கும். 85 எம்.எம். லென்ஸில் ஒன்றரை அடிதான் அடங்கும். முகமும் கழுத்தும் தோளின் ஒரு பகுதியும் கிடைக்கும், மடியில் வைத்த கைகள் கிடைக்கவே கிடைக்காது. வயலிலும் தோப்பிலும் உழைத்த ஒருவருடைய கைகளை விட்டுவிட்டு எடுக்கும் படம், என் பார்வையில், பாதிப் படம்தான். நிற்க வைத்து முழு உருவத்தையும் எடுக்க வேண்டுமென்றால் 50 எம்.எம். லென்ஸுக்குப் பதினைந்து அடியும், 85 எம்.எம். லென்ஸுக்கு இருபத்தைந்து அடியும் வேண்டும். முன்னதற்கு வாசல் போதும். பின்னதற்குத் தெருவைக் கடந்து எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டியிருக்கும்.

வீட்டுக்குள் இன்னொரு ஆதாயமும் உண்டு. 18-55 லென்ஸை 55 எம்.எம்.முக்கு நீட்டும்போது அதன் துளை எஃப் 5.6 அளவுக்கு மேல் திறப்பதில்லை. எஃப் 1.8 அளவில் திறக்கும் லென்ஸ் அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஓட்டு வீட்டின் நடுக்கூடத்தில், கதவு வழியாக வரும் வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுக்கையில், ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்; கூட்டினால் படம் புள்ளியடிக்கும்) 6400 கேட்ட இடத்தில் 640 அல்லது 800 போதுமானதாகிவிடும். தோலின் சுருக்கங்கள் புள்ளிப் புள்ளியாகக் கலையாமல் அப்படியே பதியும்.

ஆனால் துளையை முழுவதும் திறப்பதற்கு ஒரு விலை உண்டு. ஐந்தடியிலிருந்து எஃப் 1.8 அளவில் எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் இரண்டரை அங்குலத்தைத் தாண்டாது. பெரியவர் தலையைச் சற்றே திருப்பியிருந்தால் ஒரு கண் தெளிந்தும் மறுகண் மங்கியும் விழும். மாட்டி வைக்கும் படத்துக்கு எஃப் 2.8 முதல் எஃப் 4 வரை வைத்துக்கொண்டு, கேமராவின் பக்கமாக இருக்கும் கண்ணின் மேல் ஃபோகஸ் செய்யுங்கள்.

பின்புலம் கரைந்து நிற்க வேண்டும் என்ற ஆசையே பலரை 85 எம்.எம். பக்கம் இழுக்கிறது. அதற்குரிய லென்ஸ் ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கிறது என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். முகத்தை ஒரே அளவில் எடுக்கும்போது, தொலைவில் உள்ள பின்புலம் எவ்வளவு கரையும் என்பது துளையின் உண்மையான விட்டத்தைப் பொறுத்தது. எம்.எம். அளவை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும். 85 எம்.எம். எஃப் 1.8 லென்ஸுக்கு 47 எம்.எம்.; 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸுக்கு 28 எம்.எம்.; உங்கள் 55-250 லென்ஸை 250 எம்.எம்., எஃப் 5.6 அளவில் வைத்தால் 45 எம்.எம். கிடைக்கிறது. மேலும், 85 எம்.எம். லென்ஸை முழுவதும் திறந்து தலையும் தோளும் எடுக்கையில் தெளிவின் ஆழம் இரண்டு அங்குலம்தான் என்றால், 55-250 லென்ஸில் அதே அளவு படத்துக்கு ஆறு அங்குலம் கிடைக்கிறது; முகம் முழுவதும் தெளிந்திருக்க, தூரத்து மலை கரைந்துவிடும். அதற்கு இருபத்திரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும், ஷட்டர் வேகம் 1/400 நொடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பின்புலமும் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். உங்கள் பக்கத்து மாந்தோப்புகளில் பழைய முறைப்படி முப்பது அடிக்கு ஒரு மரம் நட்டிருப்பார்களாதலால், இரண்டு வரிசைகளுக்கு நடுவே இடத்துக்குப் பஞ்சமில்லை. மரத்தடியின் நடுவில் மட்டும் யாரையும் நிறுத்த வேண்டாம். இலைகளின் வழியே வரும் வெளிச்சம் தோலில் பச்சை பூசிவிடும், நெற்றியில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும். நிழல் முடியும் ஓரத்தில், முகம் வெட்டவெளியைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள்.

இந்த முறையில் எனக்கு உள்ள ஒரே மனக்குறை, இருபத்திரண்டு அடியிலிருந்து ஒரு முதியவரோடு பேச முடியாது என்பதுதான். "கொஞ்சம் இப்படித் திரும்புங்க பாட்டி" என்று கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். அவரும் பள்ளிப் பிள்ளை போல விறைத்துக்கொள்வார். ஐந்தாறு அடியில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம் என்பதும் 50 எம்.எம். லென்ஸை நான் சொல்வதற்கு ஒரு காரணம்.

கேள்வி: நிக்கான் டி3500 கேமரா வைத்திருக்கிறேன். உறவினர் ஒருவர் தம்மிடம் இருந்த 50 எம்.எம். எஃப் 1.8டி லென்ஸைக் கொடுத்தார். அது என் கேமராவில் தானாக ஃபோகஸ் ஆகவில்லை. சில சமயம் திரையில் பிழை என்று காட்டுகிறது. லென்ஸ் பழுதாகிவிட்டதா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: லென்ஸ் நன்றாகவே இருக்கக்கூடும். டி என்று முடியும் அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவின் உடலில் உள்ள மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3500, டி5600 போன்ற கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. டி7000 வரிசையில் இருக்கிறது. பிழைச் செய்தி வருவதற்குப் பெரும்பாலும் காரணம், லென்ஸின் மேலுள்ள துளை வளையம் 22 என்ற எண்ணில் பூட்டப்படாமல் இருப்பதே. வளையத்தை அந்த எண்ணுக்குத் திருப்பிப் பூட்டிவிடுங்கள்.

அசையாமல் அமர்ந்திருப்பவரைக் கையாலேயே ஃபோகஸ் செய்து எடுக்கலாம். சரியாக அமைந்ததும் வியூஃபைண்டரின் கீழ் ஓரத்தில் ஒரு புள்ளி எரியும். ஓடியாடும் குழந்தைகளுக்கு இது சரிப்படாது. அவர்களை எடுக்கும் எண்ணம் இருந்தால், மோட்டார் உள்ளேயே அமைந்த ஏஎஃப்-எஸ் 50 எம்.எம். எஃப் 1.8ஜி லென்ஸை வாங்குவதே வழி.

கேள்வி: எஃப் 1.8 லென்ஸைவிட எஃப் 1.4 லென்ஸ் பல மடங்கு விலை அதிகம். அந்த அளவுக்குப் படம் மேம்படுமா?
— வாசகர், ஓசூர்

பதில்: ஒளியின் கணக்கில் எஃப் 1.4 தருவது ஏறத்தாழ ஒன்றரை மடங்கைவிடச் சற்றே கூடுதல். எஃப் 1.8 லென்ஸில் 1/125 நொடியில் எடுக்கும் படத்தை இதில் 1/200 நொடியில் எடுக்கலாம், அவ்வளவுதான். இரவு மண்டபங்களில் படம் எடுத்துப் பிழைப்பவருக்கு அது பொருட்டாக இருக்கலாம், மற்றவர்களுக்கு இல்லை.

1840-இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் முகப்படத்துக்கென்றே வடிவமைத்த லென்ஸ், எஃப் 3.6 அளவு திறந்தது. அந்நாளில் உட்கார்ந்திருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால், அந்த நேரத்தைக் குறைப்பதே அதன் நோக்கமாக இருந்தது. பின்புலம் சுழன்று கரைந்தது அதன் குறையாகவே வந்து சேர்ந்தது. இன்றோ அந்தக் குறையைத் தேடிப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள்.

கேள்வி: ஒகேனக்கல்லில் சுற்றுலா வருபவர்களைப் பரிசலில் வைத்துப் படம் எடுக்கிறேன். புதிதாக வாங்கிய 50 எம்.எம். லென்ஸில் இரண்டு பேர் சேர்ந்து அடங்குவதில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், பென்னாகரம்

பதில்: பரிசலுக்குள் இருப்பவருக்கும் உங்களுக்கும் இடையே நான்கைந்து அடிக்கு மேல் இருக்காது, பின்னால் நகரவும் முடியாது. அங்கே 50 எம்.எம். லென்ஸை வைத்துவிட்டு, 18-55 லென்ஸை 35 எம்.எம். அளவில் பயன்படுத்துங்கள், இரண்டு முகங்களும் தோள்களும் கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால் அடங்கிவிடும். 18 எம்.எம்.முக்குக் குறைத்து எல்லோரையும் திணிக்க நினைத்தால், ஓரத்தில் உட்கார்ந்தவரின் முகம் இழுபட்டுப் போகும். இருவரும் தெளிவாக இருக்க எஃப் 5.6, பரிசல் சுழல்வதால் 1/500 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையின் வெண்மையைப் பார்த்துக் கேமரா ஏமாந்து முகங்களை இருட்டாக்கும். ஒளியளவைச் சற்றுக் கூட்டியே வையுங்கள். சாரல் அடிக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டுவது கூடவே கூடாது. லென்ஸுக்கு ஹுட் (முன்னால் மாட்டும் மறைப்பு) ஒன்றைப் போட்டுவிட்டால் நீர்த்துளியும் எதிர்வெயிலும் ஒருசேரக் குறையும்.

கேள்வி: பழைய லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— வாசகர், இராயக்கோட்டை

பதில்: முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நூலாம்படை போலக் கிளைவிட்டிருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். முன்கண்ணாடியில் உள்ள சிறு கீறல் படத்தைக் கெடுப்பதில்லை. பின்கண்ணாடியில் இருந்தால் கெடுக்கும். துளையின் இதழ்களில் எண்ணெய்ப் பசை படிந்திருக்கக் கூடாது.

அடுத்து, உங்கள் கேமராவில் பொருத்தி, ஒரு நாளிதழைச் சாய்வாக வைத்து, ஒரு வரியைக் குறித்துக்கொண்டு, துளையை முழுவதும் திறந்து அந்த வரியில் ஃபோகஸ் செய்து எடுத்துப் பாருங்கள். குறித்த வரி மங்கி, அதற்கு மேலோ கீழோ உள்ள வரி தெளிந்து வந்தால், அந்த லென்ஸ் உங்கள் கேமராவோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். கண்ணில் ஃபோகஸ் செய்தாலும் காதில்தான் போய் உட்காரும். கேனான் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸில் பழைய இரண்டாம் பதிப்பும், 2015-இல் வந்த எஸ்.டி.எம். பதிப்பும் சந்தையில் கலந்து கிடைக்கின்றன. பழையதில் கேமராவோடு பொருந்தும் வளையம் பிளாஸ்டிக்; புதியதில் உலோகம். புதியது இன்னும் நெருக்கமாக, 35 சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் செய்யும், சத்தமும் குறைவு. விலையில் பெரிய வேறுபாடு இல்லையென்றால் புதிய பதிப்பையே கேட்டு வாங்குங்கள். வாங்கிய பின் தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும்.