அன்ரிபயோட்டிக்கால் வயிறு கெட்டால் புரோபயோட்டிக் காப்சியூல் வாங்க வேண்டுமா, வீட்டுத் தயிர் போதுமா?

பல்லுக்கு அன்ரிபயோட்டிக் குடித்து வயிற்றோட்டம் பிடித்துவிட்டது, பாமசியில் புரோபயோட்டிக் (குடலுக்கு நல்லது என்று விற்கிற உயிர்க்கிருமி) போத்தலை நீட்டுகிறார்கள், வீட்டில் தயிரைச் சாப்பிடச் சொல்கிறார்கள், யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன் என்றும் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

காப்சியூலோ தயிரோ, இரண்டும் பிறகு. முதலில் ஜீவனி, வயிற்றோட்டத்தில் போகிற நீரையும் உப்பையும் ஈடுசெய்கிற தூள். பைக்கற்றில் சொன்ன அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மலத்தில் இரத்தம், காய்ச்சல், விடாத வயிற்றுக் குத்து இருந்தால் இதை வாசித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்ரிபயோட்டிக்கை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தந்த டொக்டரிடம் கேளுங்கள்.

எங்கள் வீடு உரும்பிராய்ப் பக்கம். வெங்காயத் தோட்டத்தில் ஐயாவின் காலில் மண்வெட்டி பட்டு, காயம் சீழ் பிடித்து, அன்ரிபயோட்டிக் தொடங்கினார்கள். காயம் ஆறிக்கொண்டு வந்தது, ஆனால் வயிறு இளகிவிட்டது. அந்த மருந்துக்குக் காயத்துக் கிருமி, குடலில் காலங்காலமாக இருக்கிற நல்ல கிருமி என்ற பேதம் கிடையாது. எழுபது தாண்டிய மனுஷன், கண் உள்ளே போய்விட்டது. ரொறன்ரோவில் இருக்கிற அக்கா போனில் அழுதார். "போன பெட்டிக்குள்ள புரோபயோட்டிக் போத்தல் வச்சனான், அதைக் குடுங்கோ" என்றார்.

போத்தலை எடுத்துப் பார்த்தோம். குளிரூட்டியில் வைக்கவும் என்று லேபலில் தெளிவாக இருந்தது. அது வந்ததோ கப்பல் பெட்டியில், சொக்கிளேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில், மாதக்கணக்காக, வெக்கைக்குள். இத்தனை கோடி உயிர்க்கிருமி என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், அது தயாரிக்கும்போது உள்ள கணக்கு என்றும் இருந்தது. குடிக்கிற நாளில் எத்தனை என்று ஒரு சொல் இல்லை.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "உது உயிரோட வந்ததோ, செத்து வந்ததோ?"

பிறகு தானே ஒரு வேலை செய்தார். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, இரண்டு கிண்ணத்தில் ஊற்றினார். ஒன்றுக்கு வழமையான உறை. மற்றதில் காப்சியூலைப் பிரித்து அந்த மாவைக் கொட்டிக் கலக்கினார். இரண்டையும் அடுப்படி மூலையில் மூடி வைத்தார். விடிய உறை போட்ட பால் கரண்டியால் வெட்டி எடுக்கிற பதத்தில் இருந்தது. மற்றது பாலாகவே இருந்தது, அடியில் வெள்ளை மண்டி.

இதை எழுதியதும் யாராவது வருவார்கள், எனக்குத் தெரியும். சரி, நானே சொல்கிறேன், இது ஆய்வுகூடச் சோதனை இல்லை. எல்லாப் புரோபயோட்டிக்கும் பாலைத் தோய்க்காது. புரோபயோட்டிக்காக விற்கிற சக்கரோமைசிஸ் பவுலார்டி என்பது ஒரு மதுவம், அதாவது ஈஸ்ற். 1920களில் இந்தோசீனாவில் ஆன்றி பவுலார் என்ற பிரெஞ்சுக்காரர், வயிற்றோட்டத்துக்கு லைச்சி, மங்குஸ்தான் தோலை அவித்துக் குடித்த ஆட்களைப் பார்த்து, அந்தப் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தது. அன்ரிபயோட்டிக் பக்ரீரியாவைத்தான் கொல்லும், மதுவத்தைத் தொடாது, அதனால் இரண்டையும் ஒரே காலத்தில் எடுக்கலாம். அது பாலைத் தயிராக்காது என்பதற்காகச் செத்தது என்று சொல்ல ஏலாது. ஆனால் எங்கள் போத்தலில் எழுதியிருந்தது லக்ரோபசிலஸ் இனம், பாலைத் தோய்க்கிற பக்ரீரியாக்கள் பல அந்த இனத்தில்தான் இருக்கின்றன. அம்மாவின் சந்தேகம் நியாயமான சந்தேகம்.

அவருக்குத் தெரியாமலே அவர் கேட்டதுதான் புரோபயோட்டிக் என்பதன் வரைவிலக்கணத்தின் முதற் சொல். 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர்கள் சொன்னது இதுதான்: உயிருள்ள நுண்ணுயிராக இருக்க வேண்டும், போதிய அளவில் போக வேண்டும், உடம்புக்கு நன்மை தர வேண்டும். மூன்றும் சேர வேண்டும். நன்மையும் பொதுவாகச் சொல்கிற நன்மை இல்லை. எந்த இனம், அதற்குள் எந்த வகை, எந்த வருத்தத்துக்கு என்று பார்க்க வேண்டும். லக்ரோபசிலஸ் ரம்னோசஸ் ஜீஜீ என்ற வகைக்குக் கிடைத்த பெறுபேறு, அதே குடும்பப் பெயர் போட்ட வேறொரு போத்தலுக்குச் சேராது.

அன்ரிபயோட்டிக்கால் வருகிற வயிற்றோட்டத்தைக் குறைக்கச் சில வகைகள் உதவுகின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருந்து தொடங்கும்போதே எடுத்தவர்களிடம் கண்டதுதான் பெரும்பாலும். 2020இல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் எல்லாவற்றையும் அலசிவிட்டு, பெரும்பாலான வயிற்று வருத்தங்களுக்குப் புரோபயோட்டிக்கைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் செய்த ஒரு சிறிய ஆய்வில், அன்ரிபயோட்டிக் முடிந்தபின் புரோபயோட்டிக் எடுத்தவர்களின் சொந்தக் குடற்கிருமிகள் திரும்பி வர, சும்மா விட்டவர்களைவிடக் கூடுதல் காலம் பிடித்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் பாமசி மேசையில் இதை யாரும் சொல்வதில்லை.

ஐயாவுக்கு டொக்டர் சொன்னபடி ஜீவனியும் கஞ்சியும் கொடுத்தோம். அம்மா மத்தியானத்தில் உப்புப் போட்ட மோர் கொடுத்தார். அன்ரிபயோட்டிக் முடிய வயிறும் இறுகிவிட்டது. மோர்தான் சுகப்படுத்தியது என்று நான் சொல்லமாட்டேன். அநேகமான ஆட்களுக்கு மருந்து முடிய அது தானாகவே நிற்கும். தயிரை மருந்து என்று யூரியூபில் கூவுகிறவர்களோடும் எனக்குக் கோபம் இருக்கிறது. தயிர் நல்ல உணவு. அதிலுள்ள கிருமிகள் பாற்சீனியைச் செரிக்க உதவும், ஆனால் பெரும்பாலும் குடலில் குடியிருக்காமல் வந்த வழியே போய்விடும். பழஞ்சோற்றுத் தண்ணியும் அப்படித்தான். தோசையிலும் கள்ளு விட்டுப் புளித்த அப்பத்திலும் கிருமி கல்லுச் சூட்டிலேயே செத்துவிடும். ஏற்கெனவே உள்ளே இருக்கிற கிருமிகளுக்குத் தீனி போடுவது வேறு கதை. சின்ன வெங்காயம், ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு), கீரை, ஆறிய சோறு, இவை அந்தத் தீனி. இதைக் கேட்ட நாளிலிருந்து ஐயாவுக்குத் தன் வெங்காயத்தில் இன்னும் கொஞ்சம் பெருமை.

கேட்காததையும் ஒன்று சொல்லவேண்டும். தயிரைச் சாப்பிடு என்று ஊரெல்லாம் சொல்கிறது, பாலுக்கு எங்கே போவது? எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கொரு மாடு நின்ற காலம் உண்டு. வேலி முழுக்கப் பூவரசு, முள்முருக்கு, கிளுவை. குழை வெட்டிப் போட்டால் மாட்டுக்கு அரைவயிறு நிரம்பும். இப்போது வேலியெல்லாம் மதிலாகிவிட்டது. வெறுங்காணிக்கும் மதில், சொந்தக்காரர் வெளிநாட்டில், உள்ளே புல் காய்ந்து கிடக்கிறது, மாட்டைக் கட்ட விடமாட்டார்கள். பிண்ணாக்கு விலையில் ஒவ்வொருவராக மாட்டை விற்றார்கள். அம்மா மட்டும் ஒன்றை வைத்திருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற சொந்தங்கள் அந்தப் பாலைத் தள்ளி வைத்துவிட்டுப் பால்மா இருக்கா என்று கேட்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்க முடியாது. பத்துக் காப்சியூலுக்குப் பேரம் பேசாதவர்கள் ஒரு முட்டித் தயிருக்குப் பேரம் பேசுகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தயிர் ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள், சீனி குறைவாக. ஆனால் உங்கள் குளிசை சிப்ரோபுளொக்சசின் அல்லது ரெற்றாசைக்கிளின் என்றால் தயிரையும் பாலையும் அதோடு சேர்க்காதீர்கள், கல்சியம் மருந்தைப் பிடித்து உடம்பில் சேரவிடாது. எத்தனை மணித்தியாலம் தள்ளி என்று தந்தவரிடம் கேளுங்கள். காப்சியூல்தான் வாங்குவதென்றால் வகைப் பெயர் முழுதாக இருக்கிறதா, எண்ணிக்கை காலாவதித் திகதி வரைக்கும் உறுதி சொல்கிறதா, குளிரில் வைக்கச் சொன்னதைக் கடைக்காரர் அலுமாரித் தட்டில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். புற்றுநோய் மருந்து ஏறுகிறவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், குறைமாதக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் டொக்டரைக் கேளாமல் அந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம்.