ரத்த வகை தெரியணும், போன் நம்பர் தெரியக் கூடாது: உறுப்பினர் பக்கம் பற்றிய கேள்வி பதில்

ராயபுரத்தில் எங்கள் ரத்த தானக் குழுவுக்கு ஒரு தளம் வைத்திருக்கிறோம். தளம் கட்டும் மென்பொருள் வேர்ட்பிரஸ், அதன் மேல் உறுப்பினர் பக்கங்களுக்காக பட்டிபிரஸ் என்ற பிளகின் (கூடுதல் மென்பொருள்). ஒவ்வொரு உறுப்பினர் பக்கத்திலும் ரத்த வகை, ஏரியா, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி எல்லாம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் கேரம் கிளப், கால்பந்து டீம், பழைய மாணவர் சங்கம் நடத்துகிறவர்கள் போன ஞாயிறு வந்து உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டதும் சொன்னதும் இதோ.

திருவொற்றியூர், பழைய மாணவர் சங்கம்: அண்ணா, 'படித்து முடித்த வருடம்' என்று புது ஃபீல்ட் (விவரம் நிரப்பும் கட்டம்) சேர்த்தேன். புரொஃபைலில் வரவே இல்லை. பிளகின் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை தம்பி. காலியாக இருக்கிற ஃபீல்டை பட்டிபிரஸ் காட்டாது. உங்கள் புரொஃபைலில் எடிட் போய் ஒரு வருடத்தைப் போட்டு சேவ் செய்யுங்கள், வந்துவிடும். கட்டாயம் என்று டிக் செய்தாலும், ஏற்கெனவே சேர்ந்தவர்கள் எடிட் பக்கத்துக்கு வந்து நிரப்பினால்தான் உண்டு. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதான்.

பழைய வண்ணாரப்பேட்டை, கேரம் கிளப்: ஏரியா பெயரை அவரவர் டைப் செய்கிற மாதிரி வைக்கலாமா?

வேண்டாம். நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம். உங்கள் பேட்டையை மட்டும் 'பழைய வண்ணாரப்பேட்டை', 'வண்ணாரபேட்டை', 'வண்ணை', 'ஓல்ட் வாஷர்மென்பேட்' என்று விதவிதமாக எழுதியிருந்தார்கள். ஒரு ராத்திரி பி நெகட்டிவ் தேவைப்பட்டுத் தேடியபோது ஒரே ஒருவர் பெயர்தான் வந்தது. அதே ஏரியாவில் இன்னும் மூன்று பேர் வேறு எழுத்தில் பதிவாகி இருந்ததை மறுநாள்தான் பார்த்தோம்.

டிராப்டவுன் வையுங்கள். ஆனால் பட்டியலை முதலிலேயே உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். உறுப்பினர் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பெயர் எழுத்து மாறாமல் அப்படியே டேட்டாபேஸில் பதிகிறது. பிறகு நீங்கள் பட்டியலில் பெயரைத் திருத்தினால், பழைய ஆட்களின் பக்கத்தில் பழைய பெயரே நிற்கும். பின்கோடுக்கும் தனி ஃபீல்ட் போடுங்கள். தண்டையார்பேட்டை என்றால் 600081, வியாசர்பாடி என்றால் 600039 என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொருக்குப்பேட்டை: எங்கள் ஏரியா பெயர் உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் வருகிற கார்டில் பாதியில் வெட்டுப்பட்டு, கடைசியில் கட்டத்துக்குள் கேள்விக்குறி வருகிறதே?

இடம் போதாது என்று யாரோ உங்கள் டெம்ப்ளேட்டில் (பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஃபைலில்) 20-ல் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். 'கொருக்குப்பேட்டை' நம் கண்ணுக்கு 8 எழுத்து. கம்ப்யூட்டரில் குறிகளையும் தனித்தனியாக எண்ணினால் 16. சேமிக்க ஒவ்வொன்றுக்கும் 3 பைட் இடம் பிடிக்கும், ஆக 48 பைட். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஹெச்பி-யின் சாதாரண வெட்டும் கட்டளை பைட்டைத்தான் எண்ணும். 20 பைட்டில் வெட்டினால் 'கொருக்' வரைக்கும் 18 போய்விடும், மிச்சம் 2 பைட் எந்த எழுத்தும் ஆகாது. அதுதான் அந்தக் கேள்விக்குறி. 'எம்பி' (mb) என்று தொடங்கும், குறிகளைத் தனித்தனியாக எண்ணும் கட்டளைக்கு மாறினால் கேள்விக்குறி போய்விடும், ஆனாலும் கொம்பும் புள்ளியும் பிய்ந்து வரும். 'கிராஃபீம்' (grapheme) என்று தொடங்கி, கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாக எண்ணுவதுதான் தமிழுக்குச் சரி. என்னைக் கேட்டால் ஊர்ப் பெயரை வெட்டவே வேண்டாம், இரண்டு வரியில் வரட்டும்.

புளியந்தோப்பு: உறுப்பினர் பட்டியலில் எல்லார் கார்டிலும் என் ரத்த வகையே வருகிறது.

கோடில் யாருடைய விவரம் என்று கேட்கும் இடத்தில் 'லாகின் செய்தவர்' என்று கொடுத்திருக்கிறீர்கள். தனி ஆள் பக்கத்தில் 'இப்போது காட்டப்படும் உறுப்பினர்' என்று கொடுக்க வேண்டும். பட்டியலில் அதுவும் உதவாது, அங்கே, ஒவ்வொருவராக எடுத்துக் காட்டும் 'லூப்பில் இப்போது வருகிற உறுப்பினர்' எண்ணைக் கொடுக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: ஃபீல்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அதன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நாளைக்கு யாராவது 'ரத்த வகை' என்பதை 'இரத்த வகை' என்று திருத்தினாலும் கோட் ஓடும்.

பெரம்பூர்: பிளகின் ஃபைலிலேயே என் மாற்றங்களை எழுதினேன். அப்டேட் செய்ததும் எல்லாம் போச்சு.

போகத்தான் செய்யும். சைல்ட் தீமில் எழுதுங்கள், அது தளத்தின் தோற்றத்துக்கான தீமோடு சேர்த்து நாமே வைத்துக்கொள்ளும் தனி ஃபோல்டர், அப்டேட் அதைத் தொடாது.

தண்டையார்பேட்டை: போன் நம்பரை 'நான் மட்டும்' என்று வைத்தால் போதும்தானே?

அக்கா, இதை நான் நேரமெடுத்துச் சொல்ல வேண்டும். பட்டிபிரஸில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் நாலு நிலை உண்டு: எல்லோரும், உறுப்பினர்கள், நண்பர்கள், நான் மட்டும். புரொஃபைல் பக்கம் இதை மதித்துத்தான் காட்டும். ஆனால் நாமாக ஒரு வரி கோட் எழுதி, தலைப்பகுதியிலோ கார்டிலோ ஒரு ஃபீல்டை நேரே எடுத்துப் போட்டால், அந்தக் கட்டளை இந்த நிலையைப் பார்க்காது. கேட்டதை எடுத்துக் கொடுத்துவிடும்.

எங்கள் தளத்தில் இது நடந்தது. கோட் எழுதியது நான். அவசரத்துக்கு உதவுமே என்று கார்டில் நம்பரைப் போட்டேன். 'நான் மட்டும்' என்று வைத்திருந்த ஒரு காலேஜ் பெண்ணின் நம்பரும் வெளியே தெரிந்தது. ஒரு வாரம் ராத்திரியில் தெரியாத ஆட்கள் போன் செய்திருக்கிறார்கள். அவள் அம்மா வந்து சொன்னபோதுதான் எனக்கே தெரியும். அன்றைக்கே எடுத்துவிட்டோம். ஆனாலும் அந்தப் பெண் நம்பரையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே எந்த ஃபீல்டையும் பக்கத்தில் காட்டும் முன், 'பார்க்கிறவருக்கு இவரிடம் மறைக்க வேண்டிய ஃபீல்ட் எவை' என்ற பட்டியலை வாங்கி, நம் ஃபீல்ட் எண் அதில் இருந்தால் விட்டுவிட வேண்டும். பட்டிபிரஸில் அதற்கென்றே கட்டளை இருக்கிறது. சோதிப்பதை அட்மின் லாகினில் செய்யாதீர்கள். அட்மினுக்கு எதுவுமே மறையாது, எல்லாம் சரி என்றுதான் தோன்றும். ஒருமுறை லாகின் இல்லாமல், ஒருமுறை சாதாரண உறுப்பினராக, இரண்டு விதமாகவும் திறந்து பாருங்கள்.

வியாசர்பாடி, கால்பந்து டீம்: எங்களிடம் 12, 13 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வயது, ஸ்கூல், போட்டோ போடலாமா?

டீமில் ஆடும் பொசிஷனும் ஜெர்ஸி நம்பரும் போதும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 நிறையாதவர் எல்லோரும் குழந்தைகள்தான், பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பிள்ளை எந்த ஸ்கூல், எந்தத் தெரு என்பது முகம் தெரியாத ஆளுக்கு எதற்கு? பெரியவர்களுக்கும் வயதை வாங்காமல் பிறந்த தேதியை வாங்குங்கள். வயது என்று எழுதினால் அடுத்த வருடமே தப்பாகிவிடும்.

காசிமேடு: 'ரத்தம் கொடுக்கலாமா, ஆம், இல்லை' என்று ஒரு ஃபீல்ட் போட்டால் என்ன?

இன்றைக்கு 'ஆம்' என்று போட்டவர் நாளைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், அதை மாற்ற மறந்துவிடுவார். கடைசியாகக் கொடுத்த தேதியை வாங்குங்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். கணக்கை கோட் போடட்டும், நாள் கடந்திருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. கோட் எழுத ஆள் இல்லை என்றால், தேதி ஃபீல்டின் செட்டிங்கில் 'எவ்வளவு காலம் ஆயிற்று' என்று காட்டுகிற வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள்.

காசிமேடு: சரி அண்ணா, நம்பரே தெரியாவிட்டால் அவசரத்துக்கு எப்படிக் கூப்பிடுவது?

ஒவ்வொரு ஏரியாவுக்கும் இரண்டு பொறுப்பாளர் வைத்திருக்கிறோம். அவர்கள் சம்மதித்து, அவர்கள் நம்பர் மட்டும் முதல் பக்கத்தில் இருக்கிறது. மற்றவர்களின் நம்பர் பட்டியல் அவர்கள் கையில். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார்கள், கொடுக்கக்கூடியவரை அவர்களே எழுப்பிக் கேட்பார்கள்.