வைரஸ் வீரியம் குறைந்துவிட்டதா? நோயிலிருந்து பிழைத்த பன்றியை வாங்கலாமா?

கேள்வி: காட்டை ஒட்டிப் பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். காட்டுப்பன்றிகள் வேலி வரை வந்து போகின்றன. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் மரபணு மாறி வீரியம் குறைந்துவிட்டது, இப்போது பல பன்றிகள் பிழைத்துக்கொள்கின்றன என்கிறார் எங்களிடம் வரும் வியாபாரி. அப்படிப் பிழைத்த தாய்ப்பன்றிகளைக் குறைந்த விலைக்குத் தருகிறாராம். எதிர்ப்புச் சக்தி இருப்பதால் குட்டிகளும் தாங்கும் என்கிறார். வாங்கலாமா? இதற்குத் தடுப்பூசி உண்டா?

பதில்: வாங்காதீர்கள். வியாபாரி சொல்வதில் பாதி உண்மை. வீரியம் குறைந்த வகைகள் உலகில் சில இடங்களில் கிடைத்திருக்கின்றன. ஆனால் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டால் பண்ணையே போய்விடும்.

முதலில் இந்த வைரஸின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். கோமாரி வைரஸைப் போல அடிக்கடி உருமாறும் ஆர்என்ஏ வைரஸ் அல்ல இது. பெரிய டிஎன்ஏ வைரஸ். இதன் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 1,70,000 முதல் 1,90,000 வரை எழுத்துகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகளைத்தான் எழுத்துகள் என்கிறேன்), 150க்கும் மேற்பட்ட மரபணுக்கள். இது மெதுவாகத்தான் மாறும். 2007இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஜார்ஜியாவுக்குள் நுழைந்தது இரண்டாம் மரபணு வகை. அதே வகை 2018இல் சீனாவில் வெடித்தபோது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 11 ஆண்டுகள், பல நாடுகள், எண்ணற்ற பன்றிகள், காட்டுப்பன்றிகள் என்று கடந்து வந்த பிறகும் 99.9 சதவீதத்துக்கு மேல் ஒன்றாகவே இருந்தது.

அப்படியானால் வீரியம் குறைந்த வகைகள் எங்கிருந்து வந்தன? இந்த வைரஸில் எழுத்துப் பிழைகள் குறைவு. ஆனால் மரபணுத் தொகுதியின் இரு முனைகளிலும் பெரிய துண்டுகளே விழுந்துபோவது உண்டு. எஸ்தோனியாவில் 2014இல் நோய் நுழைந்த காலத்துக் காட்டுப்பன்றி வைரஸ் ஒன்றில், இடது முனையில் சுமார் 14,500 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. அதைச் செலுத்திச் சோதித்தபோது நோய் முழுத் தீவிரத்தோடு வரவில்லை, தேறிய விலங்குகளும் இருந்தன. லாட்வியாவில் 2017இல் கிடைத்த இன்னொன்றில் சிடி2வி என்ற புரதத்துக்கான மரபணு கெட்டிருந்தது. அது தொற்றிய பன்றிகள் பெரிதாக நோய்வாய்ப்படாமலே தப்பின. சீனாவிலும் 2020 முதல் இப்படிப்பட்டவை கிடைத்தன. உங்கள் வியாபாரியின் காதுக்கு எட்டியிருப்பது இதுவாக இருக்கலாம்.

'நாளாக நாளாக எந்த நோயும் தணிந்துவிடும்' என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. இந்த வைரஸ் விஷயத்தில் அதை நம்ப இடமில்லை. தொற்றிய விலங்கு செத்தால் வைரஸும் அதோடு அழிந்துபோகும் என்றால்தான், விலங்கை உயிரோடு விட்டுவைக்க வேண்டிய கட்டாயம் வைரஸுக்கு வரும். இங்கே அப்படியில்லை. செத்த காட்டுப்பன்றியின் உடலில், குளிர்ந்த இடமாக இருந்தால் மாதக்கணக்கில் வைரஸ் உயிர்ப்போடு இருக்கும். உறைந்த இறைச்சியில் இன்னும் நீண்ட காலம். அந்தச் சடலத்தை முகரும், கடிக்கும் அடுத்த பன்றிக்குத் தொற்று போய்விடும். கொன்ற பிறகும் பரவ வழி இருக்கும்போது தணிய வேண்டிய தேவை ஏது? அதனால்தான் வீரியம் குறைந்தவை அங்கங்கே முளைத்தாலும், கொல்லும் வகையே இன்றும் உலகமெங்கும் கோலோச்சுகிறது.

உண்மையில் நான் கவலைப்படுவது கலப்பைப் பற்றித்தான். 1957இல் போர்ச்சுகலுக்குள் வந்த பழைய முதல் வகை, வீரியம் குறைந்த வடிவில் 2021இல் சீனாவில் தென்பட்டது. இரண்டாம் வகை அங்கே ஏற்கெனவே இருந்தது. இரண்டும் ஒரே பன்றிக்குள் புகுந்தால் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்ள வாய்ப்பு. அப்படிக் கலந்து பிறந்த வைரஸைச் சீன ஆய்வாளர்கள் 2023இல் அறிவித்தார்கள். பிறகு வியட்நாமிலும் அது தெரியவந்தது. அந்தக் கலப்பு வைரஸ் பன்றிகளை வேகமாகக் கொல்கிறது. இதைவிட முக்கியமான ஒன்று: வைரஸின் வகையை முடிவு செய்யப் பல ஆய்வகங்கள் பி72 என்ற ஒரே புரதத்தின் மரபணுவைத்தான் பார்க்கும். இந்தக் கலப்பில் அந்த மரபணு முதல் வகையிலிருந்து வந்தது. அதை மட்டும் பார்த்தால் 'ஓ, லேசான முதல் வகை' என்று ஏமாந்துபோக இடம் உண்டு. இரண்டு வகை கலக்க ஒரு பன்றி உயிரோடு நடமாட வேண்டும். லேசான வைரஸைச் சுமந்து நடமாடும் பன்றிகள் அதற்குத் தோதான இடம். 'பிழைத்தவை' என்று விற்கப்படும் பன்றிகளை நான் அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெதுவாக மாறும் என்ற இயல்புக்கு ஜெர்மனியின் காட்டுப்பன்றிகளில் ஒரு விலக்கு தெரிந்தது. அங்கே 2020இல் நுழைந்த வைரஸ் சில ஆண்டுகளுக்குள் பகுதிக்கொரு கிளையாகப் பிரிந்தது. வழக்கத்தைவிட அதிக மாற்றங்கள். டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் நொதியின் மரபணுவிலேயே கோளாறு ஏற்பட்டிருந்தது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

சரி, பிழைத்த தாய்ப்பன்றிகளுக்கு வருவோம். பிழைத்த பன்றியின் உடலில், குறிப்பாக நிணநீர் முடிச்சுகளில், வைரஸ் பல வாரங்கள் தங்கலாம். அது மற்றவற்றுக்குத் தொற்றவும் செய்யலாம். ஒரு வகையிலிருந்து பிழைத்தது இன்னொரு வகைக்குத் தாங்கும் என்ற உறுதி கிடையாது. தாயின் சீம்பாலில் கிடைக்கும் காப்பு குட்டிக்குச் சில வாரங்கள்தான் இருக்கும். பரம்பரையாக இறங்காது. 'குட்டிகளும் தாங்கும்' என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

உங்கள் சொந்தப் பண்ணையிலும் கண்காணிக்கும் விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கடும் காய்ச்சல், காதும் வயிறும் சிவந்து நீலம் பாய்வது, திடீர்ச் சாவு, இவற்றை மட்டும் எதிர்பார்த்திருந்தால் லேசான வகை கண்ணில் படாது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு வீக்கம், தோலில் ஆறாத புண், தாய்ப்பன்றிகளில் கருச்சிதைவு, தீனி தின்றும் எடை ஏறாமை, இப்படித்தான் அது தலைகாட்டும். இவற்றில் எதைக் கண்டாலும் கால்நடை மருத்துவரை அழையுங்கள். லேசான வகையில் இரத்தத்தில் வைரஸ் குறைவாக, விட்டுவிட்டுத்தான் தெரியும். வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் ஒருமுறை 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். வைரஸை எதிர்த்துப் பன்றியின் உடல் உருவாக்கும் எதிர்ப்புரதத்தைத் தேடும் சோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

தடுப்பூசி பற்றிக் கேட்டீர்கள். வியட்நாம் 2022இல் தொடங்கிச் சில மரபணுக்கள் நீக்கிய உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகளுக்கு அனுமதி கொடுத்தது. அவை இரண்டாம் வகையை வைத்துச் செய்தவை. சீனாவில் இரண்டாம் வகையிலிருந்து உருவாக்கிச் சோதித்த ஒரு தடுப்பூசி, கலப்பு வைரஸிடமிருந்து பன்றிகளைக் காப்பாற்றவில்லை. உங்கள் நாட்டு அரசு அனுமதிக்காத எந்த ஊசியையும் யார் தந்தாலும் போடாதீர்கள். உயிருள்ள வைரஸ் என்பதால் அது பண்ணைக்குள் பரவலாம், வெளியே சுற்றும் வைரஸோடு கலக்கலாம். பிறகு நோய் வந்தால், எது ஊசி எது நோய் என்று பிரித்துச் சொல்வதும் கடினமாகிவிடும்.

வைரஸ் எந்த வகையாக மாறினாலும் பண்ணைக்குள் வரும் வாசல்கள் மாறவில்லை என்பதுதான் உங்களுக்குச் சாதகம். காட்டுப்பன்றிக்கு இரட்டை வேலி போடுங்கள். இரண்டுக்கும் நடுவே, மூக்கோடு மூக்கு தொட முடியாத அளவு இடைவெளி வேண்டும். பருவத்துக்கு வந்த தாய்ப்பன்றியைத் தேடிக் காட்டு ஆண்பன்றி வரும் என்பதால், அவற்றை வெளியே மேயவிட வேண்டாம். சமையல் கழிவைத் தீனியாகக் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். பல நாடுகளுக்குள் நோய் நுழைந்தது அந்த வழியாகத்தான். கொட்டகைக்கென்றே தனிச் செருப்பு, தனி உடை வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரியின் வண்டி வேலிக்கு வெளியிலேயே நிற்கட்டும். கிருமிநாசினி தெளிக்கும் முன் சாணம், இரத்தம், அழுக்கு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் கழுவி எடுத்துவிடுங்கள். அழுக்கின் மேல் தெளித்த மருந்து வேலை செய்யாது. தெளித்தபின் அரை மணி நேரமாவது ஊற விட வேண்டும்.

காட்டோரம் செத்த காட்டுப்பன்றியைக் கண்டால் தொடாதீர்கள், நாயையும் அருகே விடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள். அன்று முழுக்க உங்கள் கொட்டகைக்குள் போகாமல், சடலத்தருகே போகாத வேறொருவரைத் தீனி வைக்கச் சொல்லுங்கள். புதிய தாய்ப்பன்றி தேவைப்பட்டால், நோய் வராத, சோதனைச் சான்று காட்டக்கூடிய பண்ணையிலிருந்து வாங்கி, குறைந்தது நான்கு வாரம் தனிக் கொட்டகையில் வைத்துப் பார்த்த பிறகே மந்தையோடு சேருங்கள்.