பிலேமோன் வீட்டில் யாரெல்லாம் கேட்டார்கள்?

கேள்வி: எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் பிலேமோன் நிருபத்தை, அதாவது அடிமை ஒநேசிமுவுக்காக அவனுடைய எஜமான் பிலேமோனுக்குப் பவுல் அப்போஸ்தலர் எழுதிய கடிதத்தை, பாடமாக எடுக்கப் பொறுப்பேற்றிருக்கிறேன். அஞ்சல் வழியில் கொஞ்சம் கிரேக்கம் படித்தவள் நான். ஒநேசிமு ஓடிப்போன அடிமை என்கிறார் போதகர். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கிறான் என் மகன். இரவில் குடும்ப ஜெபம் முடிவதற்குள் வீட்டோடு இருக்கும் வேலைக்காரப் பெண் பாத்திரம் தேய்த்துவிடுவாள்; அப்புறம்தான் புத்தகங்களை எடுக்கிறேன். எந்த விளக்கம் சரி?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் மகன் கேட்பது நியாயம். ஒநேசிமு ஓடிப்போனான் என்று நிருபம் எங்கும் சொல்லவில்லை. கொஞ்சக் காலம் பிரிந்திருந்தான் என்கிறது, அவ்வளவுதான். நாலாம் நூற்றாண்டின் கடைசியில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற சபைப் பிரசங்கியார் அவனை ஓடிப்போன திருடனாக வைத்துப் பிரசங்கித்தார். அந்த விளக்கமே நிலைத்துவிட்டது. எஜமானின் கோபத்துக்கு அஞ்சிய அடிமை, அவருடைய நண்பரிடம் போய்த் தனக்காகப் பேசச் சொல்வதும் அன்று நடந்ததுதான். அப்படிப் போனவனை ரோமச் சட்டமும் தப்பியோடியவனாகக் கருதவில்லை. போதகர் சொல்வதும் நடந்திருக்கலாம். இந்த 25 வசனங்களை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது என்று வகுப்பில் அப்படியே சொல்லுங்கள்.

சரி, இப்போது அந்தப் பாத்திரங்களுக்கு வருகிறேன். ஜெப நேரத்தில் அந்தப் பெண் சமையலறையில் நிற்பதை, உங்கள் படிப்புக்குக் கிடைத்த வசதியாக எழுதியிருக்கிறீர்கள். கிரேக்கம் படித்த கண்ணுக்கு இந்த நிருபத்தின் இரண்டாம் வசனம் எப்படித் தப்பியது? பவுல் இதைப் பிலேமோனுக்கு மட்டும் எழுதவில்லை. அப்பியாளுக்கும் அர்க்கிப்புவுக்கும் அந்த வீட்டில் கூடிய சபைக்கும் சேர்த்தே எழுதுகிறார். முதல் வாழ்த்தும் கடைசி ஆசியும் கிரேக்கத்தில் பலரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. நடுவில் கேட்பதெல்லாம் பிலேமோன் ஒருவரிடம். அதாவது, ஊர் கேட்க ஒருவரிடம் கேட்கிறார். அந்தக் காலத்தில் கடிதத்தை ஒருவர் உரக்க வாசிப்பார், கூடியிருப்பவர்கள் கேட்பார்கள். இரகசியமாக மடித்துப் பெட்டியில் வைத்துவிட பிலேமோனுக்கு வழியே இல்லை.

கேட்டவர்களில் அடிமைகள் இருந்தார்களா? கொலோசெ ஊர்ச் சபைக்கு, அதாவது கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தைப் பாருங்கள். அதில் ஒநேசிமு 'உங்களில் ஒருவன்' என்று சொல்லப்படுகிறான், அர்க்கிப்புவின் பெயரும் வருகிறது; அதனால் பிலேமோன் வீடும் அந்த ஊரில்தான் என்று கொள்ளலாம். அதே நிருபம் வேலைக்காரரிடமும் எஜமான்களிடமும் நேராகப் பேசுகிறது. இரு சாராரும் ஒரே கூடத்தில் இல்லாவிட்டால் அப்படிப் பேச முடியுமா? அன்றைய குடும்பம் என்பதே அடிமைகளையும் சேர்த்ததுதான்.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரோமப் பிரபு இளைய பிளினி, சபினியானுஸ் என்பவருக்கு இதே மாதிரி ஒரு கடிதம் எழுதினார், விடுதலை பெற்ற ஓர் அடிமைக்காக. அவன் அழுதான், மனம் வருந்தினான், நானும் கடுமையாகத் திட்டினேன், மன்னித்துவிடு என்கிறார். பவுல் ஒநேசிமுவின் கண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. என் பிள்ளை என்கிறார், என்னை ஏற்றுக்கொள்வதுபோல் அவனை ஏற்றுக்கொள் என்கிறார், கடன் இருந்தால் நான் தீர்க்கிறேன் என்று தன் கையால் எழுதித் தருகிறார். சகோதரன் என்பதைக் கர்த்தருக்குள் மட்டும் என்று நிறுத்தாமல், சரீரத்தின்படியும் என்கிறார். அன்றாட வீட்டு வாழ்க்கையிலும் என்று பொருள். விடுதலை செய் என்று வெளிப்படையாகச் சொல்லாதது உண்மைதான். ஆனால் எனக்குத் தங்க இடம் ஆயத்தம் பண்ணு என்று முடிக்கிறவர், வந்து பார்க்கத்தான் போகிறார்.

உங்கள் வீட்டுப் பெண் அடிமை இல்லை, சம்பளம் வாங்குகிறவள் என்பீர்கள். பெற்றவர்களை விட்டு வந்து உங்கள் கூரையின் கீழ் தூங்குகிற பெண்ணுக்குச் சம்பளத்தோடு கடமை முடிந்தது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டோடு வைத்துக்கொண்டவளை வீட்டின் கூட்டத்துக்கு வெளியே நிறுத்துவது தவறு. அவளுக்கு வேறு நம்பிக்கை இருந்தால் வருவதும் வராததும் அவள் விருப்பம். அழைக்க வேண்டியது உங்கள் வேலை, அதுவும் அவள் தயங்காமல் மறுக்கும்படி.

நாளை இரவு உங்கள் மகன் பாத்திரம் தேய்க்கட்டும். வேலை முடிந்ததும் அவளையும் உட்கார வைத்து நிருபத்தை முழுதாக உரக்க வாசியுங்கள். சில நிமிடங்கள்தான் ஆகும். பிலேமோன் என்ன செய்திருக்க வேண்டும் என்று முதலில் அவளிடம் கேளுங்கள். வகுப்புக்கான குறிப்புகளை அதன் பிறகு எழுதலாம்.